கிட்டாரின் மேல்பலகை தேயாமல் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வாத்தியம் செய்பவன் இல்லை. வாசிப்பவன்; நண்பர்களின் கிட்டார்களுக்குத் தந்தி மாற்றி, துடைத்து, சின்னச் சின்னக் கோளாறுகளைப் பார்த்துக் கொடுப்பவன். அந்த வாத்தியங்களோடு சேர்ந்து என்னிடம் வந்த கேள்விகள் இவை. பெரும்பாலும் கிட்டார்தான், வயலினும் மற்றவையும் பின்னால் வருகின்றன.

மேல்பலகை ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்கிறது? பக்கப்பலகையும் பின்பலகையும் அப்படியே இருக்கின்றனவே?

மரமே வேறு. பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் ரோஸ்வுட், மஹோகனி போன்ற கெட்டியான மரங்களைப் போடுவார்கள். மேல்பலகை, அதாவது தந்திகளுக்கு அடியில் ஒலித்துளையோடு இருக்கும் முன்பலகை, பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் அல்லது சிடார் மரம். எடை குறைவு, விறைப்பு அதிகம், அதனால் நன்றாக அதிரும். ஆனால் மிருது. பூச்சில்லாத ஸ்ப்ரூஸில் நகத்தை அழுத்தினால் பிறை விழும். சிடார் இன்னும் மோசம். தடிமனைக் கூட்டிச் சமாளிக்கவும் முடியாது. ஸ்டீல் தந்தி கிட்டாரின் மேல்பலகை 3 மி.மீ.க்குக் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், நைலான் தந்தி கிட்டாரில் அதைவிட மெல்லியது. இதற்கு மேல் தடித்தால் சத்தம் பெட்டிக்குள்ளேயே முடங்கிவிடும்.

ஆக, தேய்மானத்தைத் தாங்குவது மரம் இல்லை, அதன் மேலிருக்கும் பூச்சு. நல்ல நைட்ரோ பூச்சு (பூச்சு வகைகளைப் பின்னால் சொல்கிறேன்) ஒன்றின் தடிமன் ஒரு சாதாரண வெள்ளைத்தாளின் தடிமன் அளவுதான். அந்தத் தாள் கிழியும் வரை எதுவும் ஆகாதது போல இருக்கும். கிழிந்த பிறகு வேகம் பிடிக்கும். ஸ்ப்ரூஸில் வரிவரியாகத் தெரிகிறதே, அதில் அகலமான வெளிர் பட்டைகள் மிருதுவானவை, மெல்லிய கருங்கோடுகள் கெட்டியானவை. பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) உரசும்போது வெளிர் பட்டை முதலில் கரையும், கருங்கோடுகள் மட்டும் மேடாக நிற்கும். அந்த இடத்தை விரலால் குறுக்கே தடவினால் சீப்பின் பற்களைத் தடவுவது போல இருக்கும். அந்தக் கட்டம் வந்துவிட்டால் வெறும் பளபளப்பு போன கதை இல்லை, மரமே போகிறது.

என் கிட்டாரில் எந்த இடம் தேய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இருட்டறையில் கைபேசி விளக்கை மேல்பலகைக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடியுங்கள். நேர்வெளிச்சத்தில் தெரியாத கீறல்களெல்லாம் வரிசை கட்டி நிற்கும். எதையும் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். ஏனென்றால் கடையில் விற்கும் பிக்கார்டு, அதாவது பிக் உரசாமல் பலகையில் ஒட்டும் காப்புத்தகடு, எல்லோருக்கும் பொதுவான வடிவம். உங்கள் கை உரசும் இடம் உங்களுக்கு மட்டும் உரியது.

ஒலித்துளைக்குக் கீழே, மெல்லிய தந்திகளின் பக்கம் விசிறி போல விரிந்த கீறல்கள் இருந்தால் அவை கீழ்வீச்சில் பிக் போய் முட்டுவதால் வந்தவை. இதற்குத்தான் பிக்கார்டு. துளைக்கு மேலே, தடித்த தந்திகளின் பக்கம் இருந்தால் மேல்வீச்சு. வேகமாக ஸ்ட்ரம் செய்பவர்களுக்கு, அதாவது எல்லாத் தந்திகளையும் சேர்த்து வீசி வாசிப்பவர்களுக்கு, இங்கேதான் அதிகம் போகும். சாதாரண பிக்கார்டு இங்கே எட்டிக்கூடப் பார்க்காது. ஒரே புள்ளியில் வட்டமாகப் பளபளப்பு போயிருந்தால், அது உங்கள் சுண்டுவிரல் ஊன்றும் இடம். கிட்டார் உடம்பின் அகன்ற கீழ்ப்பாதியான கீழ்வளைவின் விளிம்பில் மங்கலாக, லேசாகப் பிசுபிசுவென்று இருந்தால் முன்கை.

பூச்சு என்ன வகை என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? எதையாவது ஒட்டினால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். தேய்ந்த கிட்டார்களைவிட, தேயாமல் காக்கிறேன் என்று எதையோ ஒட்டிப் பூச்சை உரித்துக்கொண்டு வந்த கிட்டார்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பொதுவாக மூன்று வகை. முதலாவது பாலியூரிதேன் அல்லது பாலியெஸ்டர், சுருக்கமாகப் பாலி. தொழிற்சாலையில் செய்த, நடுத்தர விலைக்குட்பட்ட கிட்டார்களில் பெரும்பாலும் இதுதான். கண்ணாடி போலக் கெட்டியானது, மேலே ஒட்டும் எந்தப் பாதுகாப்புப் படலத்தையும் தாங்கும். இரண்டாவது நைட்ரோசெல்லுலோஸ், சுருக்கமாக நைட்ரோ. பழைய கிட்டார்களிலும் விலை கூடிய புதியவற்றிலும் இருக்கும். மெல்லியது, அழகாக வயதாகும். ஆனால் வினைலோடும் ரப்பரோடும் இதற்கு ஒத்துவராது. மூன்றாவது பிரெஞ்சு பாலிஷ், அதாவது ஆல்கஹாலில் கரைத்த அவலரக்கைத் துணிப்பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றியது. கையால் செய்த கிளாசிக்கல் கிட்டார்களில் காணலாம். எல்லாவற்றிலும் மெல்லியது இதுதான். ஒட்டுப்பசை பட்டால் உரியும், ஆல்கஹால் பட்டால் கரையும், வியர்வை பட்டாலே மங்கும்.

தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் பார்ப்பதுதான் சுலபமான வழி. அது கிடைக்காவிட்டால், கண்ணில் படாத மூலையில், வார் மாட்டும் குமிழுக்கு அடியில் மாதிரி, பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு ஆல்கஹால் தொட்டு வையுங்கள். சட்டென்று பிசுக்கினால் அரக்கு. ஒன்றும் ஆகாவிட்டால் மற்ற இரண்டில் ஒன்று. அந்த இரண்டையும் பிரித்தறியத் தின்னர் தேவைப்படும், அதை நீங்களே செய்யாமல் வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் விடுவது நல்லது. சந்தேகம் இருந்தால் நைட்ரோ என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

ஒட்டாமலே ஒட்டிக்கொள்ளும் படலம், பசையுள்ள படலம், கெட்டித் தகடு: எது நல்லது?

முதல் வகையில் பசையே கிடையாது. மெல்லிய வினைல், வழுவழுப்பான பரப்பில் தானாகவே பிடித்துக்கொள்ளும். வேண்டும்போது போட்டு வேண்டாதபோது எடுக்கலாம். பாலி பூச்சுள்ள கிட்டாருக்கு இதைத்தான் முதலில் சிபாரிசு செய்வேன். ஒரு மாதம் போட்டு வாசித்தால் உங்கள் கை எங்கே போகிறது என்பதை அந்தப் படலமே கீறல்களாக எழுதிக் காட்டும். அப்புறம் நிரந்தரமாக என்ன செய்யலாம் என்று யோசிக்கலாம். பளபளப்பில்லாத மேட் பூச்சில் இது நிற்காது, ஓரம் சுருண்டு விழும்.

ஆனால் நைட்ரோவில் இதை நிரந்தரமாக விடாதீர்கள். வினைலை வளையும்படி வைத்திருக்க அதில் எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். அது மெல்ல மெல்லக் கசிந்து நைட்ரோவை இளக்கும். சில ஸ்டாண்டுகளின் ரப்பர் பட்ட இடத்தில் பூச்சு கொழகொழவென்று ஆவதும், வினைல் வாரைச் சுற்றி வைத்த இடத்தில் தடம் விழுவதும் இதே காரணத்தால்தான். நைட்ரோ கிட்டாரில் வாசிக்கும் நேரத்துக்கு மட்டும் போட்டு, முடிந்ததும் எடுத்துவிடலாம்.

பசையுள்ள படலம் உறுதியாக நிற்கும், கண்ணுக்கும் தெரியாது. பாலியில் தைரியமாக ஒட்டலாம். நைட்ரோவில், பூச்சு நன்றாகக் காய்ந்து முதிர்ந்த பிறகு, திரும்ப எடுக்கும் எண்ணம் இல்லாவிட்டால் மட்டும். பிரெஞ்சு பாலிஷில் கூடவே கூடாது.

கெட்டித் தகடு பார்வைக்கு அழகு, பிக் எவ்வளவு ஓங்கி விழுந்தாலும் தாங்கும். எடை கூடுதல், அவ்வளவுதான்.

எதை ஒட்டினாலும் ஒலி செத்துவிடும் என்கிறார்களே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வழக்கமான துளி வடிவ பிக்கார்டின் பரப்பு சுமார் 80 சதுர செ.மீ. கால் மி.மீ. தடிமனுள்ள படலம் என்றால் எடை 3 கிராமுக்குள். அதே வடிவத்தில் 2 மி.மீ. அக்ரிலிக் தகடு போட்டால் 20 கிராமை நெருங்கும். முதலாவதை என் காதால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டாவது கொஞ்சம் தெரியலாம், அதுவும் மெல்லிய பலகையுள்ள சிறிய கிட்டாரில்.

எடையைவிட இடம் முக்கியம். மேல்பலகை அதிகம் அசைவது பிரிட்ஜை (பலகையில் தந்திகளைத் தாங்கும் கட்டை) சுற்றியுள்ள கீழ்வளைவில். ஒலித்துளையின் ஓரம் அந்த அளவு அசைவதில்லை. ஆகவே படலம் துளையை ஒட்டி இருக்கட்டும், பிரிட்ஜை நோக்கி நீள வேண்டாம். மேல்பலகை முழுவதையும் மூடும் படலம் ஒன்றை ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தார். கிட்டார் ஜலதோஷம் பிடித்தது போலப் பாடியது.

சரி, படலத்தை நானே ஒட்டுவது எப்படி?

அவசரப்படாமல் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். தந்திகளைத் தளர்த்தி ஓரமாக ஒதுக்குங்கள். கழற்றவே வேண்டும் என்றில்லை. முதலில் தாளில் வடிவத்தை வெட்டி, மாஸ்கிங் டேப்பால் கிட்டாரில் தொட்டு நிறுத்தி, உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி கையை வீசிப் பாருங்கள். உங்கள் பழைய கீறல்களை அந்தத் தாள் மூடுகிறதா? மூடாவிட்டால் வடிவத்தை மாற்றுங்கள். ஒலித்துளையைச் சுற்றியுள்ள அலங்கார வளையத்தின் மேல் ஏறாமல் ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளி விட்டால் பார்க்க நன்றாக இருக்கும். மூலைகள் எல்லாவற்றையும் உருட்டி வெட்டுங்கள். கூர்மூலை எப்படியும் ஒருநாள் சட்டையில் மாட்டி நிமிரும்.

பலகையைச் சற்றே ஈரமான மிருதுத் துணியால் துடைத்து, உடனே உலர்துணியால் துடைத்துவிடுங்கள். விரல் எண்ணெய் போகவில்லை என்றால் லைட்டரில் ஊற்றும் நாப்தாவைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம். சன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். ஒரு தூசி அடியில் மாட்டினாலும் ஆயுசுக்கும் கண்ணை உறுத்தும்.

பளபளப்பான பாலி பூச்சு என்றால் ஈர முறை சுலபம். ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. அதை பலகையில் மெல்லிய படலமாகத் தொட்டுவைத்து, மேலே படலத்தை வையுங்கள். வழுக்கும், அதனால் இடம் பார்த்து நகர்த்த முடியும். சரியாக உட்கார்ந்ததும் பழைய பிளாஸ்டிக் அட்டையில் துணி சுற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி நீரையும் காற்றையும் வெளியேற்றுங்கள். ஒலித்துளைப் பக்கம் தள்ளாதீர்கள், சொட்டு உள்ளே போகும். அடுத்த நாள் வரை வாசிக்க வேண்டாம். முதல் நாள் மங்கலாகத் தெரியும், பயப்படாதீர்கள், காய்ந்தால் தெளியும்.

மேட் பூச்சிலும், கண்திறந்த மரத்துளைகள் தெரியும் மெல்லிய பூச்சிலும் தண்ணீர் வேண்டாம். உலர்முறையில், ஒரு ஓரத்தை முதலில் படியவைத்து, அடித்தாளை விரல்கடை விரல்கடையாக உருவிக்கொண்டே போங்கள்.

பழைய பிக்கார்டு ஓரம் தூக்கி நிற்கிறது. பக்கத்தில் மெல்லிய விரிசலும் இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பெரும்பாலும் உண்டு. பழைய பிக்கார்டுகள் செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக்கால் ஆனவை. செல்லுலாய்டை வளைந்துகொடுக்க வைப்பது அதில் சேர்க்கும் கற்பூரம். கற்பூர டப்பாவை மூட மறந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதே மாதிரி தகட்டிலிருந்தும் வருஷக்கணக்கில் கற்பூரம் பறந்துபோக, தகடு சுருங்கும். பசை விட்டுக்கொடுத்தால் ஓரம் தூக்கும். பசை விடாப்பிடியாக இருந்தால் சுருங்கும் தகடு மரத்தையும் சேர்த்து இழுக்கும், தகட்டின் விளிம்பை ஒட்டி இழையோடு விரிசல் விழும்.

மார்ட்டின் நிறுவனத்தின் பழைய கிட்டார்களில் இது பிரசித்தம். 1980களின் நடுப்பகுதி வரை அவர்கள் பூச்சடிக்கும் முன்பே வெற்று மரத்தில் தகட்டை ஒட்டிவிடுவார்கள். பிரிட்ஜுக்கும் ஒலித்துளைக்கும் நடுவே, பிக்கார்டு ஓரமாக ஓடும் அந்த விரிசலைப் பழுது பார்ப்பவர்கள் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்வார்கள். காக்க வைத்ததே கடித்த கதை. இப்போது பூச்சுக்கு மேல் ஒட்டுவதுதான் வழக்கம்.

விரிசல் தெரிந்தால் தூக்கிய ஓரத்தை அழுத்தி மீண்டும் ஒட்டாதீர்கள். பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். விரிசலை உள்ளிருந்து சின்ன மரத்துண்டு வைத்துத் தைக்க வேண்டியிருக்கும். விரிசல் இல்லாமல் ஓரம் மட்டும் தூக்கினால், கழற்றிப் புது இருபக்க ஒட்டுப்படலத்தில் மாட்டிவிடலாம்.

எப்படிக் கழற்றுவது?

ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், அசைத்துக்கொண்டே காட்டுங்கள். தகட்டில் உள்ளங்கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மரவேலைப் பசைகள் பல இளகத் தொடங்கும், பிக்கார்டுக்கு நேர் கீழே பலகையின் உட்புறத்தில் தாங்குகட்டைகள் ஒட்டியிருக்கின்றன. செல்லுலாய்டு எளிதில் தீப்பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஓரம் இளகியதும் பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து, மரத்தின் இழைப்போக்கிலேயே மெல்லத் தள்ளுங்கள். பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு அறுப்பது போல முன்னும் பின்னும் இழுத்தாலும் வரும். இழைக்குக் குறுக்கே நெம்பினால் மரச்சிராய் தகட்டோடு வந்துவிடும். மிச்சப் பசைக்கு நாப்தா. நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள், அதிலுள்ள அசிட்டோன் நைட்ரோவை நொடியில் கரைக்கும். வெற்று மரத்தில் ஒட்டிய பழைய தகடு என்றால் வேலையே வேறு, வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

நைலான் தந்தி கிட்டாரில் பிரிட்ஜுக்குப் பின்னால் சின்னச் சின்னக் குழிகள். அங்கே கையே படுவதில்லையே?

கை படவில்லை, தந்தி பட்டது. கட்டிய முடிச்சு வழுக்கினால் தந்தியின் நுனி சாட்டை போலத் திரும்பி பலகையைக் குத்தும். அதிகம் செய்வது முதல் தந்தி. அது வழவழப்பான ஒற்றை இழை. பிரிட்ஜில் ஒரே ஒரு சுற்று மட்டும் சுற்றினால் பிடிப்பு போதாது.

எனக்கே நடந்தது. புதுத் தந்தி கட்டி, சுருதி ஏற்றிக்கொண்டிருந்தேன். கிட்டத்தட்டச் சுருதிக்கு வந்துவிட்டது. இன்னும் அரைச் சுற்று. "டப்". பார்த்தால் தந்தி தலையில் தொங்குகிறது; பலகையில், பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு விரல்கடை தள்ளி, எள் அளவில் ஒரு குழி. சிடார் பலகை. இன்றைக்கும் வெளிச்சத்தில் அந்தக் குழிதான் முதலில் கண்ணில் படுகிறது.

முதல் மூன்று தந்திகளுக்கு இரண்டு மூன்று சுற்று சுற்றி, கடைசிச் சுற்று பிரிட்ஜின் பின்விளிம்பைத் தாண்டிக் கீழே அமரும்படி கட்டுங்கள். தந்தியின் முனையில் சின்ன முடிச்சோ, சூட்டில் உருக்கிய மணியோ இருந்தால் இன்னும் பாதுகாப்பு. தந்தி மாற்றும்போதெல்லாம் பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தடித்த அட்டையைப் போட்டு, சுருதி நிலைக்கும் வரை எடுக்காதீர்கள். ஸ்டீல் தந்தி கிட்டாரிலும் அந்த அட்டை உதவும், பிரிட்ஜ் ஆணியைப் பிடுங்கும்போது குறடு வழுக்காத கை எது?

ஃபிளமென்கோ வாசிக்கிறேன், பலகையில் தட்ட வேண்டுமே?

தட்டுத்தகடு கட்டாயம். ஸ்பானிய மொழியில் கோல்பியதோர் என்பார்கள். மோதிரவிரல் நகத்தால் தாளம் தட்டுவது அந்த இசையின் பகுதி என்பதால் ஃபிளமென்கோ கிட்டார்களில் இது ஆரம்பத்திலிருந்தே ஒட்டி வரும். கிளாசிக்கல் கிட்டாரில் பழகுகிறீர்கள் என்றால் பூச்சைப் பார்த்து, பசையில்லாத படலத்தைப் போட்டுப் பழகுங்கள்.

முன்கை படும் விளிம்பு மங்கிவிட்டது. துடைத்தாலும் பிசுபிசுப்பு போகவில்லை.

வியர்வையில் உப்பும் அமிலமும் எண்ணெயும் உண்டு. சிலருடைய வியர்வை நைட்ரோவைக் கொழகொழவென்று ஆக்கிவிடும், சிலருக்கு இருபது வருஷமானாலும் ஒன்றும் ஆகாது. அது உடம்பைப் பொறுத்தது. பிசுபிசுப்பு அழுக்கு இல்லை, பூச்சே இளகியிருக்கிறது. தேய்க்கத் தேய்க்க உரியும். விட்டுவிடுங்கள், இனி தோல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் எளிய வழி முழுக்கைச் சட்டை. அரைக்கைதான் வசதி என்றால் பழைய காலுறையின் பாதப் பகுதியை வெட்டிவிட்டு முன்கையில் மாட்டிக்கொள்ளலாம். நிறைய கிளாசிக்கல் வாசிப்பாளர்கள் இதைச் செய்கிறார்கள். விளிம்பில் பொருத்தும் மரக் கைதாங்கிகளும் உண்டு. பலகையின் அதிர்வைக் கை அமுக்காமலும் அவை பார்த்துக்கொள்ளும். கைக்கடிகாரம், காப்பு, சட்டைப் பொத்தான், ஜிப் ஆகியவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எதைக் கொண்டு துடைக்கலாம்? என்னென்ன படக்கூடாது?

உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி, வாசித்து முடித்ததும் ஒரு தடவை. பத்தில் ஒன்பது முறைக்கு அது போதும். மரச்சாமான்களுக்குப் போடும் பளபளப்புத் திரவங்களில் பெரும்பாலும் சிலிக்கோன் இருக்கும். பூச்சின் மேல் பளபளவென்று தெரியும், ஆனால் கீறல் வழியாக மரத்தில் ஊறினால் பின்னால் எந்தப் பூச்சும் அங்கே பிடிக்காது. தேய்ந்து வெறிச்சோடிய இடத்தில் எண்ணெய் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்ப்ரூஸ் அதைப் பஞ்சு போல உறிஞ்சிக் கறுத்துவிடும்.

கை சுத்திகரிப்பான் போட்ட கையோடு பிரெஞ்சு பாலிஷ் கிட்டாரைத் தொடாதீர்கள். ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும், விரல்ரேகை அப்படியே பதியும். அதைவிட ஆபத்து கொசு விரட்டிக் களிம்பு. டீட் என்ற மருந்து கலந்தவை நைட்ரோவையும் செல்லுலாய்டையும் பல பிளாஸ்டிக்குகளையும் இளக்கக்கூடியவை. திறந்தவெளியில் வாசிக்கப் போகிறவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எடுங்கள்.

வயலினுக்கு என்ன?

முதல் எதிரி ரோசின் தூள், அதாவது வில்லில் தேய்க்கும் பிசினின் தூள். வில்லிலிருந்து உதிர்ந்து பிரிட்ஜுக்கும் விரல்பலகை நுனிக்கும் நடுவே வெள்ளையாகப் படியும். அன்றைக்கே துடைத்தால் தூசிதான். விட்டுவிட்டால் சூட்டில் இளகி வார்னிஷோடு ஒன்றிவிடும். ரோசின் தானே வார்னிஷ் செய்யவும் பயன்படும் பொருள், அதனால் இரண்டையும் பிரிப்பது கஷ்டம். ஆல்கஹால் தொட்டால் ரோசினோடு வார்னிஷும் போகும். தந்திக்கு ஒரு துணி, பலகைக்கு வேறு துணி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தந்தியில் எடுத்ததைப் பலகையில் பூசுவீர்கள்.

இரண்டாவது, இடக்கை மேல்நிலைகளுக்கு ஏறும்போது உள்ளங்கை உரசும் வலப்பக்க மேல்வளைவு. அங்கே மெல்லிய பாதுகாப்புப் படலத்தைப் பழுது பார்ப்பவரே ஒட்டித் தருவார். தாடை படும் இடத்துக்குத் தாடைதாங்கி இருக்கிறது. ஜெர்மன் வயலின் கலைஞர் லூயி ஸ்போர் 1820 வாக்கில் அதைக் கொண்டுவரும் வரை வாசிப்பவரின் தாடை நேராக வார்னிஷில்தான் அமர்ந்தது.

மற்ற வாத்தியங்களில் எப்படிச் சமாளித்தார்கள்?

அரபு நாடுகளின் தந்தி வாத்தியமான ஊத்தில் ஒலித்துளைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு பதித்திருக்கும். ரிஷா எனப்படும் நீளமான பிக் அங்கேதான் உரசும். நேப்பிள்ஸ் பாணி மாண்டலின்களில் அதே இடத்தில் ஆமையோட்டைப் பலகைக்குச் சமமாகப் பதித்தார்கள். வளைந்த மேல்பலகையுள்ள கிட்டாரில் தகட்டை ஒட்டவே முடியாது. கிப்சன் நிறுவனம் 1909இல் காப்புரிமை பெற்ற தகடு, பிடிமானங்கள் தாங்க, பலகையைத் தொடாமல் தனியாக நிற்கும். எனக்குப் பிடித்த தீர்வு அதுதான்: பசையும் இல்லை, சுருங்கி இழுப்பதும் இல்லை, விரல் ஊன்றவும் இடம்.

வீணையின் குடம் பலாமரம், ஸ்ப்ரூஸை விடக் கெட்டி. அங்கே பிக் கிடையாது. முன்கை சாய்ந்திருக்கும் குடத்தின் விளிம்புதான் பளபளப்பை இழக்கும். ஒரு மெல்லிய துணியை விரித்துக்கொண்டால் போதும். படலம் எதுவும் வேண்டாம்.

ஏற்கெனவே வெறும் மரம் தெரிகிறது. இனி என்ன?

மரம் வெளுப்பாக, வழவழப்பாக இருந்தால் நேரம் இருக்கிறது. சாம்பல் நிறமாகியிருந்தால் வியர்வையும் அழுக்கும் இறங்கிவிட்டன. சீப்புப் பற்கள் விரலுக்குத் தட்டுப்பட்டால் தள்ளிப்போடாதீர்கள். பழுது பார்ப்பவர் அந்த இடத்தை மட்டும் சுத்தம் செய்து, மெல்லிய அரக்குப் பூச்சு கொடுத்து அடைத்துத் தருவார். அதன் மேல் பசையில்லாத படலம் போடலாம். வெற்று மரத்தின் மேல் நேரடியாகப் பசைப்படலம் ஒட்டினால், எடுக்கும்போது இழை உரிந்து வரும். பலகை முழுவதையும் சுரண்டிப் புதுப்பூச்சு அடிக்கலாம் என்று யாராவது சொன்னால், கிட்டார் பழையது என்றால், யோசியுங்கள். மூலப்பூச்சு போனால் மதிப்பும் போகும், சுரண்டும்போது பலகையும் மெலியும்.

கடைசிவரை போனால் எங்கே முடியும் என்பதற்கு அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் கிட்டார் ஒன்று போதும். 1969இல் வாங்கிய மார்ட்டின் என்-20, பெயர் ட்ரிக்கர். நைலான் தந்தி கிட்டார், விரலால் வாசிப்பதற்கென்று செய்ததால் பிக்கார்டு இல்லை. அவரோ பிக்கால் வாசித்தார். ஒலித்துளைக்குப் பக்கத்தில் பலகை தேய்ந்து தேய்ந்து இன்னொரு துளையே விழுந்துவிட்டது. உள்ளே அடிக்கடி மராமத்து பார்த்துத்தான் அது தொடர்ந்து வாசிக்கும் நிலையில் இருந்து வந்திருக்கிறது. அவருக்கு அந்த ஓட்டையே அடையாளம். உங்களுக்கும் எனக்கும் அது மராமத்துச் செலவு.

குழந்தை பலகையில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டது.

பாலி என்றால் ஹேர் டிரையரின் வெதுவெதுப்பும் பொறுமையும். நைட்ரோ என்றால் ஸ்டிக்கர் அழகாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பிக்கார்டைக் கழற்றினேன், அடியில் வெளிர்நிறத் தடம். என்ன செய்வது?

ஸ்ப்ரூஸ் வெளிச்சம் பட்டு மெல்லப் பொன்னிறமாகும், நைட்ரோவும் மஞ்சளாகும். தகட்டுக்கடியில் வெளிச்சம் போகாததால் அந்த இடம் வாங்கிய அன்றைக்கு இருந்த நிறத்திலேயே நிற்கிறது. பூச்சு சரியாக இருந்தால் எதையும் தடவ வேண்டாம். நேர்வெயிலில் வைத்து நிறமேற்றப் பார்க்காதீர்கள், பசைகள் இளகிப் பிரிட்ஜ் தூக்கிக்கொள்ளும். அறை வெளிச்சத்தில், வாசிக்கிற போக்கில், வித்தியாசம் வருஷக்கணக்கில் குறையும். அவசரம் என்றால் அதே வடிவத்தில் புதுத் தகடு மாட்டிவிடுங்கள். தாளில் வரைந்த வடிவத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால்.